இராமபாணம் என்பது எது?

மாலை வெயில் சாயும் வேளையில், சாளரக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் கடுகளவே உள்ள பழுப்பு நிற வண்டொன்று ஊர்ந்துகொண்டிருப்பதை வாசகர்களில் பலர் கண்டிருக்கக்கூடும். விரலால் தொட்டால் தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். சற்று நேரம் விட்டால் எழுந்து நடக்கும். பெரும்பாலான வீடுகளில் அதற்கு உடனே ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. சமையலறைக்கு அருகில் கண்டால் அரிசி வண்டு. புத்தக அலமாரிக்கு அருகில் கண்டால் இராமபாணம். கட்டிலுக்கு அருகில் கண்டால் மூட்டைப்பூச்சியோ என்னும் அச்சம். பெயர் வந்தவுடன் துடைப்பமும் வந்துவிடும். விசாரணை அத்துடன் முடிந்துவிடும்.

அந்த வண்டு உண்மையில் எது, அதனை இன்னதென்று அடையாளம் காண மனிதர் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டனர், இடையில் எந்தெந்த உயிர்களின் மீது பழி விழுந்தது என்பனவே இக்கட்டுரையின் பொருள். தமிழ் பயின்றவர்களுக்குப் பூச்சியியலில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் நூல்கள் பலவற்றை நமக்கு முன்பே படித்து முடித்துவிட்ட உயிர் அது. அவ்வகையில் அதனோடு நமக்கு ஒரு தொழிற்பகை உண்டு.

முதலில் பெயரை நோக்குவோம். ஏட்டையும் நூலையும் துளைக்கும் பூச்சிக்கு 'இராமபாணம்' என்று பெயரிட்டவர் யார் என்று தெரியாது. ஆனால் அவர் கம்பனைக் கேட்டறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு. கிட்கிந்தா காண்டத்து மராமரப் படலத்தில் இராமன் எய்த ஒரே அம்பு ஏழு மரங்களையும் ஊடுருவுகிறது. கீழுள்ள ஏழு உலகங்களையும் துளைத்துச் செல்கிறது. அதற்குமேல் ஏழு என்னும் எண்ணிக்கையில் வேறொன்றும் இல்லாமையால் மீள்கிறது. அடுக்கி வைத்த நூல்களின் முதல் அட்டையில் ஒரு துளை. அதே நேரில் ஐந்தாம் நூலின் இறுதி ஏட்டிலும் ஒரு துளை. இதனைக் கண்ட ஒருவருக்கு அந்தப் படலம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. மல்லிகை இனத்துக் கொடியொன்றுக்கும் இதே பெயர் உண்டு என்பதை இங்கே போகிற போக்கில் சொல்லி வைப்போம்.

பெயர் அழகியது, சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. அது பூச்சியின் உருவத்தைச் சொல்லவில்லை, செயலைச் சொல்கிறது. யார் எய்தது என்று தெரியாமல் அம்பை மட்டும் கண்டவர் இட்ட பெயர் அது. ஆகவே நூலைத் திறந்தவுடன் கண்ணில் எது பட்டதோ அதன் தலையில் இப்பெயர் ஏறிற்று. இன்று நம் ஊர்களில் பத்துப் பேரிடம் இராமபாணத்தைக் காட்டச் சொன்னால், ஆறேழு பேராவது வெள்ளி நிறத்தில் மின்னி ஓடும், மூன்று வால் நீண்ட, சிறகில்லாத பூச்சியையே காட்டுவர். வெள்ளிமீன் பூச்சி என இக்காலத்தில் வழங்குவது அதுவே. அது வண்டன்று. அதனால் துளையிடவும் இயலாது.

சி. வை. தாமோதரம் பிள்ளை 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தம் கைக்குக் கிடைத்த ஏடுகளின் நிலையை அப்பதிப்பின் உரையில் எடுத்துரைத்து வருந்தினார். தமிழ்ப் பதிப்பு வரலாற்றைப் பயின்ற எவரும் அப்பகுதியைக் கடந்து வந்திருப்பர். அங்கே அவர் 'பாணம்' என்று பூச்சியைக் குறிப்பிட்டு, அதனை எழுத்துகளின் மீது திரும்பத் திரும்ப ஓடிய கலப்பையாக உருவகம் செய்கிறார். இவ்வுருவகத்தை நாம் பல ஆண்டுகள் மாணவர்க்கு நடத்தி வருகிறோம். அதில் ஒரு சாட்சியம் ஒளிந்திருப்பது பிற்பாடுதான் புலப்பட்டது. அம்பு துளைத்துச் செல்லும்; கலப்பை படுக்கையாக உழுது செல்லும். பெயரில் அம்பு, உருவகத்தில் கலப்பை. இவை இரு வேறு பூச்சிகளின் வேலையா, ஒன்றன் வேலையேயா? இக்கேள்விக்கு விடை காண்பதற்குள் மேலைநாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

நூற்பூச்சியைப் பற்றிய குறிப்பு அரிஸ்டாட்டில் காலத்திலேயே கிடைக்கிறது. விலங்குகளின் வரலாறு பற்றிய தம் நூலில், நூல்களுக்குள் வாழும் சிற்றுயிர்களைக் குறிப்பிடும் அவர், அவற்றுள் ஒன்றை வாலில்லாத தேள் போன்றது என்கிறார். பொய்த்தேள் எனப்படும் அவ்வுயிரைப் பழைய நூல்களில் இன்றும் காணலாம். பாவம், அது நூலைத் தின்பதே இல்லை. நூலில் வாழும் பேன் போன்ற நுண்பூச்சிகளைப் பிடித்துத் தின்று நமக்கு உதவியே செய்கிறது.

1665 ஆம் ஆண்டில் இலண்டனில் இராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலை வெளியிட்டார். நுண்ணோக்கி வழியே கண்டவற்றை வரைந்து காட்டிய நூல் அது; அதிலுள்ள தெள்ளுப்பூச்சியின் பெரிய படம் உலகப் புகழ் பெற்றது. அந்நூலில் ஹூக் நூற்பூச்சிக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். வெள்ளி நிறமுடையது, முத்துப்போல் மின்னுவது, வாலில் மூன்று முட்கள் கொண்டது என்று நுணுக்கமாக வருணித்து, ஏடுகளையும் அட்டைகளையும் துளைப்பது இதுவே என்று கருதப்படுவதாக எழுதினார். அவர் வரைந்தது வெள்ளிமீன் பூச்சியை, குற்றமோ வேறொன்றனுடையது. படத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அடையாளம் காட்டும் பணியில், மிகச் சிறந்த கருவியும் மிகக் கூரிய கண்ணும் உடைய ஒருவர், நுண்ணோக்கியின் கீழ் எதனை வைப்பது என்னும் முதற்படியிலேயே சறுக்கிவிட்டார்.

காரணம் எளியது. நூலைத் திறந்தவுடன் வெள்ளிமீன் பூச்சி வெளியே ஓடுகிறது, கண்ணில் படுகிறது. துளையிடும் வண்டின் புழுவோ தாளின் உட்புறத்தில், தான் அரித்த சுரங்கத்திலேயே சுருண்டு கிடக்கிறது. அது வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளிவந்தபின் நூலை விட்டு வெளிச்சத்தை நாடிச் சாளரத்துக்குப் பறந்துவிடுகிறது. நூலில் காண்பது வேறு, சாளரத்தில் காண்பது வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. கையில் சிலம்பு இருந்தமையால் கோவலன் கள்வனானான். நூலில் இருந்தமையால் வெள்ளிமீன் பூச்சியும் கள்வனாயிற்று. முற்றிலும் குற்றமற்றது என்று அதற்காக வாதாட வரவில்லை. பசையையும் தாளின் மேற்பூச்சையும் அது சுரண்டித் தின்னும். ஒழுங்கற்ற விளிம்புகளுடன் ஏட்டின் மேற்பரப்பு தேய்ந்திருந்தால் அது அதன் வேலைதான். வட்டமான துளை ஒருபோதும் அதன் வேலையன்று.

மெய்யான இராமபாணத்தின் ஆற்றலுக்குப் பிரெஞ்சு நூலறிஞர் கேப்ரியேல் பெய்ஞோ (1767–1849) ஒரு சான்று தருகிறார். அதிகம் பேர் வராத பொது நூலகமொன்றில் 27 பெருநூல்களை ஒரே நேர்க்கோட்டில் ஒரே புழு துளைத்திருந்ததாகவும், அத்துளையின் வழியே ஒரு கயிற்றைச் செலுத்தி அத்தனை நூல்களையும் ஒருசேரத் தூக்க முடிந்ததாகவும் அவர் கூறியதை, ஆங்கிலப் பூச்சியியலாளர்களான கிர்பியும் ஸ்பென்சும் தம் நூலில் எடுத்தாண்டனர். கம்பனின் அம்பு ஏழோடு நின்றது; பெய்ஞோவின் புழு 27 வரை சென்றிருக்கிறது. 'அதிகம் பேர் வராத நூலகம்' என்னும் சொற்களே அச்செய்தியில் நம்மை உறுத்துகின்றன.

வில்லியம் பிளேட்ஸ் என்பவர் அச்சகத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டனின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியவர். 1880 ஆம் ஆண்டில் நூல்களின் பகைவர்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நெருப்பு, நீர், தூசி, அறியாமை ஆகியவற்றோடு நூற்புழுவுக்கும் அதில் ஓர் இயல் உண்டு. ஹூக்கின் வருணனையை அவர் நயமாக எள்ளி நகையாடுகிறார். 1879 திசம்பரில் நூற்கட்டுநர் ஒருவர் பழைய நூலொன்றில் கிடைத்த கொழுத்த புழு ஒன்றை அவருக்கு அஞ்சலில் அனுப்பினாராம். பிளேட்ஸ் அதனை ஒரு பெட்டியில் இட்டு, காக்ஸ்டன் அச்சிட்ட நூலின் துணுக்குகளையே உணவாக வைத்தார். விருந்தோம்பலில் குறையொன்றுமில்லை. ஆயினும் புழு சிறிதளவே தின்று, மூன்று வாரத்தில் இறந்துபோயிற்று.

இவ்வாறு நூற்காதலர்கள் புழுவைத் தேடிக்கொண்டிருந்தபோது, பூச்சிகளுக்குப் பெயரிடுவோர் அதன் வளர்ந்த வடிவமாகிய வண்டுக்கு எப்போதோ பெயர் சூட்டிவிட்டிருந்தனர். சுவீடனின் லின்னேயஸ் 1758 ஆம் ஆண்டில் ஒரு சிறு பழுப்பு வண்டுக்கு ரொட்டியோடு தொடர்புடைய இலத்தீன் பெயரை இட்டார். இன்று அது ஸ்டெகோபியம் பானிசியம். அவருடைய மாணவர் யோகான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ் 1792 ஆம் ஆண்டில் அதனை ஒத்த மற்றொன்றுக்கு 'அரக்கொம்பன்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இன்று அது லாசியோடெர்மா செர்ரிகார்னே. வணிகத்தில் முன்னதை மருந்துக்கடை வண்டு என்றும், பின்னதைச் சிகரெட் வண்டு என்றும் அழைக்கின்றனர். சாளரத்தில் நாம் காணும் பழுப்பு வண்டு பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்று.

ஃபாப்ரீசியசின் பெயரோடு தமிழகக் கடற்கரை ஊரொன்றும் பிணைந்துள்ளது. தானியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768 ஆம் ஆண்டில் மருத்துவராக வந்த யோகான் கெரார்டு கோனிக், லின்னேயசிடம் பயின்றவர். இங்கிருந்து அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றை ஃபாப்ரீசியஸ் வருணித்துப் பெயரிட்டார். 'திராங்கபார்' என்னும் ஊர்ப்பெயர் பூச்சியியல் நூல்களில் நிலைத்தது இவ்வாறுதான். கோனிக் தஞ்சைப் பகுதியில் கரையானை நேரில் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1779 ஆம் ஆண்டில் செருமன் மொழியில் வெளிவந்தது. நம் ஏடுகளின் முதற்பகையாகிய செல்லைப் பற்றிய அறிவியல் ஆய்வு இம்மண்ணிலிருந்தே அவ்வளவு முற்பட்டு எழுந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. செல்லுக்கு மண்புற்று உண்டு, தடம் உண்டு, மறைக்க இயலாது. இரண்டு மில்லிமீட்டர் வண்டுக்கு அத்தகைய விளம்பரம் ஏதும் இல்லை.

ரொட்டி வண்டு, மருந்துக்கடை வண்டு, சிகரெட் வண்டு என்னும் பெயர்கள் எல்லாம், முதலில் கண்டவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதையே காட்டுகின்றன. இதனால் விளைந்த குழப்பம் எகிப்து வரை சென்றது. 1922 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட துத்தன்காமுனின் கல்லறைப் பொருள்களில் இவ்விரு வண்டுகளும் இருந்தமையைக் கெய்ரோவின் பூச்சியியலாளர் அல்ஃபியெரி 1931 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் 1976 ஆம் ஆண்டில் இரண்டாம் இராமசேசின் உடல் பூஞ்சைத் தாக்குதலிலிருந்து காக்கப்படுவதற்காகப் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அதனுள் புகையிலைத் துணுக்குகளும் சிகரெட் வண்டும் காணப்பட்டன. புகையிலையோ அமெரிக்கப் பயிர். கொலம்பசுக்கு இருபத்தேழு நூற்றாண்டுகள் முன்பு மறைந்த மன்னனின் வயிற்றில் அது எவ்வாறு வந்தது? பண்டை எகிப்தியர் அமெரிக்காவுக்குக் கலம் செலுத்தினர் என்று கதை கட்டுவோருக்கு இது அவலாயிற்று. புகையிலை வண்டே அங்கு இருக்கும்போது இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்றனர்.

2001 ஆம் ஆண்டில் பக்லண்ட், பனாயியோட்டகோபுலு ஆகிய இரு ஆய்வாளர்கள் இம்முடிச்சை அவிழ்த்தனர். 'புகையிலை வண்டு' என்பது பெயரளவில்தான். அது பழைய உலகத்தைச் சேர்ந்த உயிர், புகையிலை ஐரோப்பாவுக்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே உலர்ந்த இலையையும் வேரையும் தின்று வாழ்ந்தது. புகையிலைத் துணுக்குகளோ 19 ஆம் நூற்றாண்டில் உடலைப் பூச்சியிலிருந்து காக்கத் தூவப்பட்டவையாக இருக்கலாம். பெயரைச் சான்றாகக் கொண்டதனால் வந்த வினை. அதே மன்னனின் மூக்குத் துளைகளில் மிளகு மணிகள் இருந்தன என்பதையும் இங்கே சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அது தென்னாட்டு மேற்குமலைச் சாரலின் விளைபொருள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சாளரத்தில் கண்ட வண்டை ஒரு வெள்ளைத் தாளில் இட்டு, அஞ்சல்தலை சேகரிப்போர் வைத்திருப்பது போன்ற உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் பெரும்பகுதி விளங்கிவிடும். யானைத் துதிக்கை போல முகம் நீண்டிருந்தால் அது அரிசி வண்டு. நூலுக்கு அதனால் கேடில்லை. தட்டையாக, நீண்டு, செம்பழுப்பாக, தலை முன்னே நன்கு தெரியுமாறு இருந்தால் மாவு வண்டு. ரவையையும் மைதாவையும் சோதிக்க வேண்டியதுதான். உருண்டை வடிவில், வெள்ளையும் மஞ்சளும் கறுப்புமாகக் கோலமிட்டதுபோல் இருந்தால் அது கம்பளத்தையும் பட்டையும் தின்னும் புழுவின் தாய். மேலிருந்து பார்க்கும்போது தலையே தெரியாமல், முக்காடிட்டவர் போலக் கூன் விழுந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் இருந்தால் மட்டுமே நாம் தேடும் ஆள். அதன் உணர்கொம்பு முழுதும் அரம் போல் பற்கள் கொண்டு, முதுகு வழவழப்பாக இருப்பின் சிகரெட் வண்டு. உணர்கொம்பின் நுனியில் மூன்று கணுக்கள் மட்டும் பெருத்து, முதுகில் நெடுக வரிவரியாகப் புள்ளிக்கோடுகள் ஓடினால் மருந்துக்கடை வண்டு. இவற்றைவிட ஒடுங்கி, உருளையாக, கரும்பழுப்பாக ஒன்று இருக்கும்: காஸ்ட்ராலஸ் இண்டிகஸ். இந்திய நூலகங்களிலும் சுவடிக் கட்டுகளிலும் துளையிடுவதையே தொழிலாகக் கொண்டது அது. இராமபாணம் என்னும் பட்டத்துக்கு முழு உரிமை அதற்கே என்பது நம் தீர்ப்பு.

அம்பா, கலப்பையா என்னும் கேள்விக்கும் விடை இங்கே கிடைக்கிறது. இக்குடும்பத்துப் புழு முதுகிலிருந்தோ அட்டையிலிருந்தோ துளைத்து உட்புகும்; பின்னர் ஏடுகளுக்கிடையே படுக்கையாக வளைந்து வளைந்து அரித்துச் செல்லும்; வண்டாக மாறியதும் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வட்டத் துளையிட்டு வெளியேறும். ஓர் உயிரே இரு வேலையும் செய்கிறது. தாமோதரம் பிள்ளை கட்டை அவிழ்த்து ஏட்டின் முகத்தைப் பார்த்தவர். அவர் கண்டது உழவு. கட்டை அவிழ்க்காமல் வெளியே இருந்து பார்த்தவர் கண்டது அம்பு.

அடையாளம் தவறினால் என்ன நேரும்? 2019 ஆம் ஆண்டில், தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். பாட்டனாரின் தந்தை எழுதி வைத்த சுவடிக் கட்டு ஒன்று இருப்பதாகவும், ஊரில் நேர்ந்த பஞ்சத்தைப் பற்றி அவர் பாடிய கும்மி அதில் இருப்பதாகவும் சொல்லி அழைத்திருந்தார். அக்கும்மி அச்சேறவில்லை, வேறு படியும் இல்லை. கட்டு ஒரு மரப்பெட்டியில் இருந்தது. அதே பெட்டியில் அம்முன்னோரின் மருந்துச் சரக்குகளும் இருந்தன: சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய், பெயர் மறந்துபோன வேர்கள் சில. வீட்டார் கவனக்குறைவானவர் அல்லர். எவரோ ஒருவர் இராமபாணம் என்று வெள்ளிப் பூச்சியைக் காட்டிச் சென்றிருந்தமையால், ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று பெட்டியைத் துடைத்து, அப்பூச்சிகளைத் தேடி ஒழித்து, அந்துருண்டை இட்டு மூடியிருந்தனர். மாலை வேளைகளில் அவ்வறையின் சாளரத்தில் பழுப்பு வண்டுகள் கிடந்ததும் அவர்களுக்குத் தெரியும். அவற்றை அரிசி வண்டு என்று எண்ணி, பல ஆண்டுகளாக அரிசிப் பானையைத்தான் மாற்றிக்கொண்டிருந்தனர்.

கட்டை அவிழ்த்தபோது 84 ஏடுகளில் முதற்பதினொன்றும் கடைசி ஆறும் படிக்கும் நிலையில் இருந்தன. நடுவே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டி, சல்லடையாகி, தூக்கினால் தூளாயின. சாளரத்தில் கிடந்த வண்டுகள் நான்கை ஒரு மாத்திரைக் குப்பியில் எடுத்துவந்து, விலங்கியல் துறை நண்பரிடம் கொடுத்தோம். அரைமணி நேரத்தில் விடை வந்தது: மருந்துக்கடை வண்டு. அதிமதுரத் துண்டுகளைப் பிளந்தபோது உள்ளே புழுக்களும் இருந்தன. மருந்தில் பெருகி, அலுத்துப்போய்க் கும்மிக்குத் தாவியிருக்கிறது. அந்தப் பதினேழு ஏடுகளில் பஞ்சம் தொடங்குவதும், இறுதியில் மழை பெய்து காப்புச் சொல்லி முடிப்பதும் உள்ளன. இடையே ஊரார் என்ன உண்டனர், எங்கே சென்றனர், எவர் திரும்பினர் என்பவை இல்லை.

மருந்தும் வேரும் ஓலையும் போன்ற சத்தற்ற உலர்பொருள்களைத் தின்று இவ்வண்டுகள் எவ்வாறு வாழ்கின்றன என்னும் ஐயம் எழலாம். இவற்றின் குடற்பகுதியில் உள்ள சிறு பைகளில் ஈஸ்ட் எனப்படும் நுண்பூஞ்சை வாழ்கிறது. உணவில் இல்லாத பி வகை உயிர்ச்சத்துகளை அது ஆக்கித் தருகிறது. தாவரங்களின் நச்சையும் ஓரளவு முறிக்கிறது. தாய் வண்டு முட்டையிடும்போதே அப்பூஞ்சையை ஓட்டின் மீது பூசிவிடுகிறது. குஞ்சுப்புழு அவ்வோட்டைத் தின்றே உலகுக்கு வருவதால் சீதனம் கைமாறிவிடுகிறது. மிளகாய்த்தூளிலும் புகையிலையிலும் கூட இவை கொழுப்பது இதனால்தான். நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். தின்பதெல்லாம் புழுப்பருவத்தில்தான், நாம் சாளரத்தில் நசுக்குவது தின்று முடித்துவிட்ட வண்டை.

நம் முன்னோர் இவ்வளவும் அறியாமலே சிலவற்றைச் சரியாகச் செய்தனர். சுவடிகளை அடுப்புப் புகை படும் பரணில் வைத்தனர். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினர். கட்டினிடையே வசம்பு வைத்தனர். வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் தானியப் பூச்சிகளின் இனப்பெருக்கத்தைக் குலைப்பது பிற்காலத்தில் ஆய்வுகளால் உறுதியாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, சுவடியை எடுத்துப் படித்தனர். படிக்கப்படும் கட்டில் புழுவுக்கு நிம்மதி கிடையாது. அந்துருண்டையோ அடைத்த பெட்டியில் துணிக்கு ஓரளவு பயன்படும். ஓலைக்குள் சுரங்கத்தில் கிடக்கும் புழுவை அதன் நெடி சென்று சேர்வதில்லை; மனிதர் மூக்கைத்தான் சேர்கிறது.

1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பைனெக்கி நூலகத்தில் இதே குடும்பத்து வண்டு தோன்றியபோது, அங்குள்ள பூச்சியியல் பேராசிரியர் சார்லஸ் ரெமிங்டன் நஞ்சு வேண்டாம், உறைய வைப்போம் என்றார். நூல்கள் உறையிடப்பட்டுச் சுழியத்துக்குக் கீழ் முப்பது பாகைக்கும் மேற்பட்ட குளிரில் மூன்று நாள் வைக்கப்பட்டன. வண்டுகள் ஒழிந்தன. வீட்டில் அச்சுநூல்களுக்கு இதனைச் செய்து பார்க்கலாம். நெகிழிப் பையில் காற்றை இயன்றவரை வெளியேற்றி, நூலை இட்டு மூடி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும்; எடுத்தபின் ஒரு நாள் முழுதும் பையைத் திறவாமல் விட வேண்டும், இல்லையேல் நூலில் நீர் கோத்துவிடும். ஓலைச்சுவடியை மட்டும் நாமாக எதுவும் செய்யலாகாது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகாலிலும் அதற்கென்று பயின்றவர்கள் இருக்கின்றனர்.

துளை இருப்பதனாலேயே வண்டு இருக்கிறது என்று கொள்ளவும் வேண்டா. நூறாண்டுக்கு முன் துளைத்துச் சென்றதாகவும் இருக்கலாம். ஐயமுள்ள நூலையோ கட்டையோ ஒரு கறுப்புத் தாளின்மேல் வைத்து ஒரு வாரம் அசைக்காமல் விடுங்கள். மாவுபோல் புதுத்தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

வண்டு கிடைத்தால் நசுக்கிவிடாமல் ஒரு சிறு குப்பியில் இட்டு, அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ வேளாண் கல்லூரிக்கோ கொண்டுசெல்லலாம். குப்பியினுள் ஒரு துண்டுத்தாள் வேண்டும். கோனிக் காலத்திலிருந்து இன்றுவரை பூச்சியியலார் கேட்பது அதனைத்தான். அதில் ஊர், நாள், வீட்டின் எந்த அறை, அவ்வறையில் உலர்பொருள்கள் என்னென்ன இருந்தன என்பவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும். மை கரைந்துவிடும்.